மைனஸ் போட்ட காளை

மாட்டுக்குச் சுழி பார்க்கிறவர்கள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓர் இளக்காரம். காங்கேயத்துக்குப் பக்கத்தில் பிறந்தவன் இதை வெளியே சொல்லக் கூடாது. எங்கள் அப்பாரு கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்கு முன்னால் சுழியைத்தான் பார்ப்பார். ஏறுபூரான் இருந்தால் குடும்பம் ஏறும், இறங்குபூரான் இருந்தால் இறங்கும். விலங்குச் சுழி இருக்கிற மாட்டை வாங்கினவன் ஜெயிலுக்குப் போவான். துடைப்பச் சுழி வீட்டிலிருக்கிற காசைக் கூட்டித் தள்ளிவிடும். பெண்டிழந்தான் சுழி என்றும் ஒன்று உண்டு. பலனைப் பேரே சொல்லிவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்த திமிரில் ஒருமுறை அவரிடமே கேட்டேன்: "ஏனுங்கப்பாரு, மயிரு சுத்திக்கிட்டு நிக்கறதுக்கும் ஜெயிலுக்கும் என்னங்க சம்பந்தம்?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "படிச்சவனுக்கு மாடு எதுக்கு?" என்று நடையைக் கட்டினார்.

எதுக்கு என்று எனக்கும் ரொம்ப நாள் தெரியவில்லை. இப்போது நான் இருப்பது ஆக்லாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில். எந்தச் சரக்கு எப்போது தீரும், எவ்வளவு வரவழைக்க வேண்டும் என்று ஒரு கிடங்கில் உட்கார்ந்து எக்செல்லில் கணக்குப் போடுவது வேலை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஹைபுரூக் பக்கம் ஆற்றங்கரையில் நடப்பேன். லாரிகளும் கிடங்குகளுமாக இருக்கும் அந்த இடம் ஒரு காலத்தில் குதிரைப் பண்ணை. 1934-ல் ஃபிஷர் அண்ட் பேக்கல் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான உல்ஃப் ஃபிஷர், 'ரா ஓரா' என்ற பெயரில் அங்கே பந்தயக் குதிரைகளை வளர்த்தார். எந்தப் பொலிகுதிரையை எந்தப் பெட்டைக்கு விடுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நின்ற மண்ணில் நின்றுதான், எந்தப் பொலிகாளையை எந்த மாட்டுக்கு விடுவது என்று நானும் யோசித்தேன். அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

என்னை இதில் இழுத்துவிட்டது ஓர் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து பல காலம். கிளீவ்டன் பக்கம் கொஞ்சம் நிலம் வாங்கி, கறுப்பு ஆங்கஸ் மாடுகள் வைத்திருக்கிறார். எல்லாம் இறைச்சிக்கான இனம். அவர் வைத்திருந்த கிழட்டுக் காளை நொண்ட ஆரம்பித்ததும், காளை ஏல விவரப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, நீர்தானே கணக்குப் படிச்சனீர். இதுக்குள்ள ஒரு நல்ல நாம்பனாப் பார்த்துச் சொல்லும்."

"அதுக்கென்னங்கண்ணை, பார்த்துட்டாப் போவுது" என்றேன். யாழ்ப்பாணத்தாரின் 'அண்ணை'க்குப் பின்னால் எங்கள் ஊர் 'ங்க'வை ஒட்டினால் வருகிற அந்தச் சொல்லை அவர் வீட்டில் இன்னும் வைத்துச் சிரிக்கிறார்கள்.

புத்தகத்தைத் திறந்தால் ஒவ்வொரு காளைக்கும் ஒரு படம், படத்துக்குக் கீழே இரண்டு வரிசையில் எண்கள். ஈபிவி என்கிறார்கள். இந்தக் காளையின் மரபணுவில் இன்ன குணம் எவ்வளவு இருக்கும் என்ற முன்கணிப்பு. ஆஸ்திரேலியாவில் ஆர்மிடேல் என்ற ஊரின் நியூ இங்கிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவான 'பிரீட்பிளான்' என்ற கணக்கு முறை 1985-லிருந்து இந்த எண்களைத் தந்துகொண்டிருக்கிறது. ஆங்கஸ் இனத்துக்கு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டு நாட்டு மாடுகளையும் சேர்த்தே கணிக்கிறார்கள். கன்று லேசாகப் பிறக்குமா, பிறக்கும்போது என்ன எடை, 200 நாளில், 400 நாளில், 600 நாளில் என்ன எடை, தாயாகப்போகும் மகள்களுக்குப் பால் எப்படி, விதைப்பையின் சுற்றளவு, முதுகுச் சதையின் பரப்பு, விலாக் கொழுப்பு, சதைக்குள் ஓடும் கொழுப்பு என்று பட்டியல் நீளும்.

பார்த்ததும் எனக்குக் குளிர்ந்துவிட்டது. எண் என்றால் நம்ம இடம். சுழி இல்லை, பூரான் இல்லை, சுத்தமான அறிவியல். அன்றைக்கு ராத்திரியே எல்லா எண்களையும் எக்செல்லில் ஏற்றினேன். ஒவ்வொரு காளைக்கும் ஒரு வரி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மாதிரி கடைசிக் கட்டத்தில் 'மொத்தம்'.

கிலோவையும் நாளையும் சென்டிமீட்டரையும் சதவீதத்தையும் ஒன்றாகக் கூட்டிய மனிதன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கிடங்கில் யாராவது பெட்டியின் எடையையும் நீளத்தையும் கூட்டி எழுதியிருந்தால் கூப்பிட்டு வைத்துப் பேசியிருப்பேன். இதில் இன்னொரு கூத்து. மைனஸ் போட்ட எண்களைப் பார்த்தாலே எனக்கு ஆகவில்லை. மைனஸ் என்றால் குறைதானே? சினைக்காலம் என்ற பத்தியில் மைனஸ் வாங்கிய காளைகளை எல்லாம் கீழே தள்ளினேன். அந்தப் பத்தியில் மைனஸ் என்றால் கன்று சில நாள் முன்னதாகவே பிறக்கும். வயிற்றுக்குள் அதிகமாகப் பருக்காது. தாய்க்கும் மறுபடி சினைப்பட நாள் கிடைக்கும். காளையோடு விட்டதிலிருந்து கன்று போட ஆகும் நாள்களுக்கும் அப்படித்தான், மைனஸ்தான் நல்லது. பிறப்பு எடையிலோ ப்ளஸ் பெரிதாகப் பெரிதாக மாட்டுக்குப் பிரசவம் கஷ்டம். விவரம் தெரிந்தவர்கள் தேடித் தேடி வாங்குகிற காளை ஒன்று என் பட்டியலில் கடைசியில் கிடந்தது. முதலிடத்தில் இருந்ததோ எல்லாப் பத்தியிலும் ப்ளஸ், அதுவும் பெரிய பெரிய ப்ளஸ். 600 நாள் எடையில் மற்றவற்றைவிட எங்கேயோ இருந்தது. பிறப்பு எடையிலும்தான்.

வேகமாக வளர்கிற குணமும் பிறக்கும்போதே பெரிதாக இருக்கிற குணமும் பெரும்பாலும் கைகோத்துத்தான் வரும். ஒன்றை இழுத்தால் மற்றதும் கூடவே வரும். சின்னதாகப் பிறந்து பெரிதாக வளரும் கன்றுகளைத் தருகிற காளைகளும் உண்டு, ஆனால் அரிது. எண்களைத் தேடிப் பார்த்தால்தான் அகப்படும், படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஈபிவியின் நிஜமான உபயோகமே அங்கேதான் இருக்கிறது. நான் அதைத்தான் கூட்டல் போட்டுக் கொன்றேன்.

அண்ணை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, நாகுகளுக்கும் இதைத்தானே விடப்போறம்? தலைக்கண்டுகள் எல்லோ?"

எங்கள் ஊரில் கிடாரி. அவர் ஊரில் நாகு. முதல் கன்று போடப்போகிற இளசுகள், இடுப்பெலும்பு இன்னும் விரியாதவை. அந்தக் கேள்விக்குள் ஒரு பிரசவ வார்டே இருந்தது. நான் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல், "இந்த வரிசையிலேயே ஃபர்ஸ்ட் இதுதானுங்கண்ணை" என்றேன். அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த நிச்சயத்தை நினைத்தால் இன்றைக்கும் உள்ளங்கை வியர்க்கிறது.

காளை ஜூன் மாதத்தில் வந்தது. நவம்பரில் மந்தையில் விட்டார்கள். அடுத்த ஆகஸ்ட், குளிரும் மழையுமாக இருந்த ஒரு ராத்திரி, அண்ணையிடமிருந்து போன். "தம்பி, வாரும்." அவ்வளவுதான் சொன்னார்.

போய்ப் பார்த்தால் கொட்டகையில் ஒரு நாகு படுத்திருக்கிறது. பின்னால் இரண்டு முன்னங்குளம்புகள் எட்டிப் பார்க்கின்றன, அதற்கு மேல் நாக்கின் நுனி. தலை வரமாட்டேன் என்கிறது. அந்தக் குளம்புகளின் பருமனைப் பார்த்ததுமே எனக்குப் பத்தியின் எண் ஞாபகம் வந்துவிட்டது. அண்ணை கணுக்காலுக்கு மேலே கயிற்றைச் சுருக்குப் போட்டு, அதற்குக் கீழே இன்னொரு சுற்று போட்டார். ஒரே இடத்தில் இறுக்கினால் கன்றின் எலும்பு முறிந்துவிடுமாம். நாகு முக்கும்போது மட்டும் இழுக்க வேண்டும், அது நிறுத்தினால் நாமும் நிறுத்த வேண்டும். நேராக இழுக்கக் கூடாது, தாயின் பின்னங்கால் மூட்டைப் பார்த்துக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். நான் பதற்றத்தில் அது முக்காதபோதும் இழுத்தேன். "மெல்ல, மெல்ல, அது மாடு தம்பி, லொறியில்ல" என்றார். சாணியும் சளியும் கலந்த சேற்றில் என் செருப்பு ஒன்று போனது. கன்று வெளியே வந்து விழுந்தபோது ஒரு வைக்கோல் துரும்பை எடுத்து அதன் மூக்கில் விட்டுக் கிண்டினார், தும்மியது. உயிரோடு இருந்தது. தாய்தான் எழுந்து நிற்க மறுநாள் ஆயிற்று. அடுத்த நாகுக்கு டாக்டரையே கூப்பிட வேண்டியிருந்தது. ராத்திரி நேரத்தில் வந்ததற்கான பில்லை அண்ணை மடித்து, நான் கொடுத்த எக்செல் தாளுக்குள் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இந்த எண்களில் இன்னொரு விவரம் உண்டு. காளையின் ஈபிவியில் பாதிதான் கன்றுக்குப் போகும். மீதிப் பாதி தாயுடையது. பிறப்பு எடையில் ஒரு காளை ப்ளஸ் 6, இன்னொன்று ப்ளஸ் 2 என்றால் கன்றுகளின் சராசரியில் வித்தியாசம் 4 கிலோ இல்லை, 2 கிலோ. 600 நாள் எடையில் 140-க்கும் 100-க்கும் உள்ள இடைவெளி கன்றுகளிடம் 20 கிலோவாகத்தான் தெரியும். அந்தப் பாதியை நான் மறந்தே போனேன். வருமானக் கணக்கை அண்ணைக்கு முழு எண்ணில் போட்டுக் கொடுத்து அவரைக் கொஞ்ச நாள் பணக்காரராகவும் வைத்திருந்தேன்.

துல்லியம் என்று ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே ஒரு சதவீதம் இருக்கும். இளங்காளை ஒன்றுக்கு 45 போட்டிருந்தால், "பாஸ் மார்க்கே 35 தானே, பரவாயில்லை" என்றுதான் என் மூளை ஓடியது. அது காளை வாங்கின மதிப்பெண் இல்லை. இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான அளவு. 50-க்குக் கீழே இருந்தால் புதிதாகத் தகவல் வர வர எண் மேலேயோ கீழேயோ நன்றாகவே நகரக்கூடும். சொந்தக் கன்றுகள் பிறந்து, அவற்றை நிறுத்துப் பார்த்த பிறகுதான் துல்லியம் ஏறும். அப்படி நகர்ந்தபோதெல்லாம், "இவங்க கணக்கே சரியில்லீங்கண்ணை" என்று கணக்குப் போட்டவர்கள்மேல் பழியைப் போட்டுத் தப்பித்தேன்.

பழி போடத் தகாத ஆட்கள் அவர்கள். இந்தக் கணக்கின் வேரே பாதி இந்த நாட்டில் இருக்கிறது. சார்லஸ் ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர், கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரர், 1950-களின் நடுவில் நியூசிலாந்துக்கு வந்திருந்தபோது இங்கே பால் வாரியத்தில் புள்ளியியல் பார்த்துக்கொண்டிருந்த ஷேல் சியர்ல் என்ற இளைஞரைச் சந்தித்தார். சியர்ல் பின்னாலேயே கார்னெலுக்குப் போனார். மாட்டின் எடையில் பரம்பரை எவ்வளவு, தீனியும் பருவமும் எவ்வளவு என்று ஒரே சமன்பாட்டில் பிரித்தெடுக்கிற வழிக்கு இந்த இருவரின் கூட்டு ஒரு முக்கியமான படி. அப்புறம் 2001-ல் மூவீசன், ஹேய்ஸ், கோடார்டு என்ற ஆய்வாளர்கள் மூவரும் சேர்ந்து, மரபணுக் குறிகளை மொத்தமாக எடுத்தே கணிக்கலாம் என்று எழுதினார்கள். கன்றுக் குட்டியாக இருக்கும்போதே ஓரளவுக்குச் சொல்ல முடிகிறது என்றால் அதற்கு அதுதான் ஆரம்பம்.

பரம்பரையையும் தீனியையும் பிரிப்பது என்றதும் எனக்கு அப்பாரு ஞாபகம் வந்தார். பக்கத்து ஊர்க் காளை ஒன்று கொழுகொழுவென்று நின்றால், "அவுனோட கொரங்காடு நல்லாருக்குது, காள நல்லாருக்குதான்னு தெரியாது" என்பார். கொரங்காடு என்பது எங்கள் பக்கத்து மேய்ச்சல் காடு: கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். ஒரே கொரங்காட்டில் மேய்ந்த, ஒரே வயதுக் கன்றுகளைத்தான் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவார். பிரீட்பிளானும் அதையே செய்கிறது. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஒரே கவனிப்பில் வளர்ந்தவற்றுக்குள்தான் ஒப்பீடு. அவற்றிலிருந்து ஒரு மாடு எவ்வளவு விலகி நிற்கிறது என்பதில்தான் எண் தொடங்குகிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பூச்சிக்காளைகளை, அதாவது பொலிகாளைகளை, பொறுக்கி எடுத்தே காங்கேயம் இனத்துக்குப் பேர் வாங்கித் தந்தவர். அவர் மந்தையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அப்பாரு காளையின் தாய் யார், கூடப் பிறந்தவை எப்படி என்றுதான் தொடங்குவார். சுழியைப் பார்த்துச் சிரிக்கிற அவசரத்தில் இதை நான் காதிலேயே வாங்கவில்லை. ஈபிவியில் ஒரு பெரிய பங்கு தாய், தகப்பன், உடன்பிறப்பு பற்றிய தகவல் என்று இந்த ஊரில் ஒரு பயிற்சி வகுப்பில், காசு கொடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அந்த வகுப்பில் ஒரு வெள்ளைக்கார அம்மையார் எங்களைக் கேட்ட முதல் கேள்வி: "கன்றுகளை எப்போது, யாருக்கு விற்கிறீர்கள்?" அண்ணை பால் மறந்ததும் விற்கிறார். பெண் கன்றுகளையும் வைத்துக்கொள்வதில்லை. அப்படியானால் மகள்களின் பால் பற்றிய பத்தி அவருக்கு எதற்கு? 600 நாள் எடையால் அவருக்கு என்ன? அவருக்கு வேண்டியது லேசான பிரசவம், 200 நாள் எடை, அப்புறம் காளையின் சாதுகுணம். இத்தனை பத்திகளில் மூன்று. நான் அவரிடம் இதைக் கேட்டிருக்கவே இல்லை. வகுப்பு முடிந்து வண்டியில் வரும்போது, "நீங்க ஏனுங்கண்ணை இதை முன்னமே சொல்லல?" என்று கேட்டுத் தொலைத்தேன். "நீர் கேக்கேல்லையே தம்பி" என்றார்.

திருந்திவிட்டேன் என்று நினைத்த பிறகும் விடவில்லை. மீதமிருந்த நாகுகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று வால்மயிர் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மயிரின் வேரில்தான் மரபணு இருக்கிறது. பிடித்து வெடுக்கென்று பிடுங்க வேண்டும். எனக்கோ மாட்டின் பின்னால் நிற்கவே பயம், கூடவே வீறாப்பு வேறு. வீட்டிலிருந்து கத்தரிக்கோல் கொண்டுபோய்ச் சீராக, ஒரே நீளத்துக்கு வெட்டி, உறையில் போட்டு, பெயர் எழுதி, அழகாக அனுப்பினேன். பரிசோதனைச் சாலையிலிருந்து மரியாதையான பதில் வந்தது. முடி நன்றாக இருக்கிறதாம். வேர் இல்லையாம். அண்ணையின் மகள் அதை வாய்விட்டு வாசித்துக் காட்டினாள்.

ஆங்கஸ் புத்தகத்தோடு ஹெர்ஃபோர்டு புத்தகத்தையும் வாங்கி, இரண்டு இனத்தின் எண்களையும் ஒரே தாளில் ஏற்றி வரிசைப்படுத்தியதும் நான்தான். ஒவ்வோர் இனத்துக்கும் அடிப்படைக் கோடே வேறு. அதில் பூஜ்யம் என்பது இதில் பூஜ்யம் இல்லை. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேலே போகலாம்.

போன ஏலத்துக்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அண்ணைக்கு வேண்டிய மூன்று குணங்களுக்கான பத்திகளை மட்டும் எடுத்து, துல்லியத்தையும் பார்த்து, பிறப்பு எடை குறைவு, சினைக்காலம் நல்ல மைனஸ் என்று ஒழுங்காகவே இரண்டு காளைகளுக்குக் கொண்டுவந்தேன். இரண்டும் ஏறக்குறைய சமம். எதை எடுப்பது? பண்ணைக்காரர் அனுப்பியிருந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கால் நடை, குளம்பு, முதுகு எல்லாம் பார்ப்பதாக வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டேன். நிஜத்தில் படத்தைப் பெரிதாக்கி நெற்றியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுக்குச் சுழி கண்ணுக்கு நேராக, நடு நெற்றியில், ஒற்றையாக. இன்னொன்றுக்குக் கண்ணுக்கு மேலே ஏறி நின்றது. கறுப்பு மாட்டில் சுழி தெரிவதே கஷ்டம். வெளிச்சத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தேன்.

இதற்கும் ஓர் அறிவியல் சாக்கு வைத்திருக்கிறேன். 1995-ல் மாடுகளின் நடத்தையை ஆராயும் டெம்பிள் கிராண்டினும் கூட இருந்தவர்களும் மாடுகளைக் கூண்டில் நிறுத்திப் பார்த்து, நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே இருக்கிற மாடுகள் அதிகம் மிரள்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே நான் பார்த்தது சாதுகுணத்துக்காகத்தான். அண்ணையிடம் அப்படித்தான் சொன்னேன். துடைப்பச் சுழி இருக்கிறதா என்று வால் பக்கமும் பெரிதாக்கிப் பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

நடு நெற்றிக் காளையே வந்தது. ஆகஸ்டில் அண்ணை போன் பண்ணவில்லை; அதுவே போதும். வீடியோவை ஊருக்கும் அனுப்பியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா கூப்பிட்டார்.

"காரியா சாமி? நெத்தி சுத்தமா இருக்குது. அப்பாரு இருந்திருந்தா வெல பேசியிருப்பாரு. தாய் பாலு எவ்வளவு கறக்குது?"

"கறவை இல்லீங்கம்மா இது."

"அப்பறம்? உழவுக்கா?"

"இங்க உழவுக்கு மாடு கட்டறதில்லீங்கம்மா. கன்னா இருக்கும்போதே வித்துருவாங்க."

"யாரு வாங்கறாங்க?"

"வேற பண்ணைக்காரங்க. வளர்த்து, அப்பறம் கம்பெனிக்குக் குடுப்பாங்க."

"கம்பெனிக்கு எதுக்குடா சாமி மாடு?"

"அம்மா... சிக்னல் விட்டு விட்டு வருதுங்கம்மா" என்றேன்.